பிடித்தமும் பட்டியலும்: ஃப்ரீலான்சர்களின் வருமான வரி

மாதச் சம்பளம் வாங்குகிறவரின் வருமான வரி பெரும்பாலும் அவர் கைபடாமலே கட்டப்பட்டுவிடுகிறது. நிறுவனத்தின் சம்பளப் பிரிவு ஆண்டு வருமானத்தைக் கணித்து, கழிவுகளைப் பார்த்து, வரியை மாதாமாதம் பிடித்துக்கொள்கிறது. ஜூனில் படிவம் 16 வந்துவிடும். அதை வைத்து ரிட்டர்ன் தாக்கல் செய்தால் வேலை முடிந்தது. சொந்தமாக வேலை எடுத்துச் செய்கிறவருக்கு நடுவில் நின்று கணக்குப் பார்க்க ஆளில்லை. மொழிபெயர்ப்பாளர், வடிவமைப்பாளர், மென்பொருள் எழுதித் தருபவர், வீடியோ எடிட்டர், அலுவலகம் முடிந்து மாலையில் இன்னொரு வேலை பார்ப்பவர் என்று இந்தக் கூட்டம் ஆண்டுக்கு ஆண்டு பெருகுகிறது. நிதி ஆயோக் 2022 ஜூனில் வெளியிட்ட அறிக்கை, 2020-21இல் இந்தியாவில் 77 லட்சம் பேர் கிக் வேலைகளில் இருந்ததாகவும், 2029-30இல் அது 2.35 கோடியாகும் என்றும் மதிப்பிட்டது. டெலிவரி ஊழியர்களும் அதில் அடக்கம் என்றாலும், போகிற திசை தெளிவாகத் தெரிகிறது. இவர்களுடைய வரியைப் பற்றிய பேச்சு எப்போதும் வீதத்தைச் சுற்றியே நடக்கிறது: எத்தனை சதவீதம், எதைக் காட்டிக் குறைக்கலாம். என் பார்வையில் வீதம் இரண்டாம்பட்சம். வரி எப்போது பிடிக்கப்படுகிறது, செய்யும் தொழில் சட்டத்தில் எந்தப் பெயரின் கீழ் வைக்கப்படுகிறது என்ற இரண்டும்தான் ஒரு ஃப்ரீலான்சரின் வரியைத் தீர்மானிக்கின்றன. இரண்டிலும் சட்டம் சிறிய ஆளுக்கு எதிராகச் சாய்ந்திருக்கிறது.

வீதத்தை முதலில் பார்த்துவிடலாம். இங்கே சொல்லும் எண்களும் பிரிவுகளும் 2025-26 நிதியாண்டுக்கானவை, அதாவது 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டப்படி. புதிய வரி முறையில் 4 லட்சம் ரூபாய் வரை வரி இல்லை. அதற்கு மேல் ஒவ்வொரு 4 லட்சத்துக்கும் 5, 10, 15, 20, 25 சதவீதம் என ஏறி, 24 லட்சத்துக்கு மேல் 30 சதவீதம் ஆகிறது. மொத்த வருமானம் 12 லட்சத்தைத் தாண்டாவிட்டால் 87ஏ பிரிவின் தள்ளுபடியால் வரி சுழியாகிவிடும். சம்பளக்காரருக்கு இதற்கு மேல் 75,000 ரூபாய் நிலைக்கழிவு உண்டு. சுயதொழில் செய்பவருக்கு அது கிடையாது. அவருக்கு வேறு வழி இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் 44ஏடிஏ என்ற பிரிவைக் கொண்டுவந்தது. குறிப்பிட்ட சில தொழில்களைச் செய்பவர் ஆண்டுக்கு 50 லட்சம் ரூபாய் வரை வசூலித்தால், அதில் பாதியை வருமானமாகக் காட்டி வரி கட்டலாம். ரொக்க வசூல் 5 சதவீதத்துக்குள் இருந்தால் இந்த வரம்பு 75 லட்சம். கணக்குப் புத்தகங்கள் வைக்க வேண்டியதில்லை, தணிக்கையும் வேண்டியதில்லை. இதன் பலன் பெரிது. ஆண்டுக்கு 24 லட்சம் வசூலிக்கும் ஒரு பொறியியல் ஆலோசகரின் வருமானம் 12 லட்சம் என்றாகி, வரி சுழியாகிறது. அதே 24 லட்சத்தைச் சம்பளமாக வாங்குகிறவர் நிலைக்கழிவு போக, செஸ் உட்பட 2,92,500 ரூபாய் கட்டுகிறார்.

இவ்வளவு தாராளமான சட்டத்தைக் குறை சொல்ல என்ன இருக்கிறது என்று தோன்றலாம். வரி கணக்கிடப்படும் இடத்தைவிட்டு, பணம் கைமாறும் இடத்துக்கு வாருங்கள். கட்டுமான நிறுவனங்களுக்கு வரைபடம் போட்டுக் கொடுத்து ஆண்டுக்கு 9 லட்சம் சம்பாதிக்கும் ஓர் ஆர்க்கிடெக்டை எடுத்துக்கொள்வோம். 194ஜே பிரிவின்படி ஒவ்வொரு பில்லிலும் 10 சதவீதத்தை டிடிஎஸ் என்னும் முன்கூட்டிய வரியாகப் பிடித்துக்கொண்டுதான் நிறுவனம் பணம் தரும். ஆண்டு முழுவதும் சேர்த்தால் 90,000 ரூபாய். 44ஏடிஏ கணக்கில் அவருடைய வருமானம் நாலரை லட்சம். கட்ட வேண்டிய வரி ஒரு ரூபாய்கூட இல்லை. பிடித்த 90,000 ரூபாயும் அவருக்கே திரும்ப வர வேண்டிய பணம். எப்போது வரும்? 2025 ஏப்ரல் பில்லில் பிடித்ததை அவர் 2026 ஜூலையில் ரிட்டர்ன் தாக்கல் செய்து, அது பரிசீலிக்கப்பட்ட பிறகு பெறுவார். ஒரு மாத வருமானத்துக்கும் மேலான தொகை அரசிடம் தங்கிவிடுகிறது, அதில் ஒரு பகுதி ஓராண்டுக்கு மேல். அதே ஆண்டில் அவர் வாடகைக்கும் கணினித் தவணைக்கும் கடன் அட்டையைத் தேய்த்திருந்தால், அந்த வட்டியை யாரும் திருப்பித் தரப்போவதில்லை.

வட்டி விஷயத்தில் சட்டத்தின் சாய்வு இன்னும் வெளிப்படையாகத் தெரிகிறது. ரீஃபண்டுக்கு அரசு தரும் வட்டி மாதத்துக்கு அரை சதவீதம். அதுவும் நிதியாண்டு முடிந்து அடுத்த ஏப்ரல் 1 முதல்தான் கணக்கு. பணம் பிடிக்கப்பட்ட நாளிலிருந்து மார்ச் 31 வரை கழிந்த மாதங்களுக்கு ஒன்றுமில்லை. மாறாக, வரி கட்ட வேண்டியவர் நிதியாண்டுக்குள்ளேயே செலுத்த வேண்டிய அட்வான்ஸ் டாக்ஸில் குறைத்துக் கட்டிவிட்டால் அவர் தர வேண்டிய வட்டி மாதத்துக்கு ஒரு சதவீதம். மாதத்தில் ஒரு நாள் ஆனாலும் அது முழு மாதம். ஒரே பணம், அதே இரு தரப்பு, இரட்டை அளவுகோல்.

முன்கூட்டியே விலக்கு வாங்க முடியாதா என்றால், அங்கும் வழி குறுகலாகவே இருக்கிறது. வங்கி வைப்புக்கு வட்டி வாங்குகிறவர் தன் வருமானம் வரி வரம்புக்குள் வராது என்று 15ஜி அல்லது 15எச் படிவத்தில் எழுதிக் கொடுத்தால் வங்கி டிடிஎஸ் பிடிக்காது. தொழில் கட்டணத்துக்கு அந்தப் படிவம் செல்லாது. 197ஆம் பிரிவின் கீழ் குறைந்த பிடித்தத்துக்குச் சான்றிதழ் வாங்கலாம். ஆனால் அதற்குப் படிவம் 13இல் முந்தைய ஆண்டுகளின் கணக்கும் இந்த ஆண்டின் மதிப்பீடும் தந்து விண்ணப்பிக்க வேண்டும். ஆண்டுத் தொடக்கத்தில் எந்த வாடிக்கையாளர் வருவார் என்றே தெரியாத ஒருவரால் இதைச் செய்ய முடியாது. ஒரு நிறுவனம் ஒருவருக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய்க்குள் தொழில் கட்டணம் தந்தால் பிடித்தம் இல்லை என்ற வரம்பு இருக்கிறது. 2025 ஏப்ரலுக்கு முன் அது 30,000ஆக இருந்தது, உயர்த்தியது நல்லதே. ஆனால் இருபது நிறுவனங்களிடம் நாற்பதாயிரம் நாற்பதாயிரமாக வாங்குகிறவருக்கு ஒரு ரூபாயும் பிடிபடாது, ஒரே நிறுவனத்திடம் எட்டு லட்சம் வாங்குகிறவருக்கு 80,000 பிடிபடும். இருவர் வருமானமும் ஒன்று. வாடிக்கையாளர் எண்ணிக்கை மட்டுமே வேறு.

இதற்கு வரித்துறையின் பக்கத்திலிருந்து வலுவான பதில் ஒன்று உண்டு. டிடிஎஸ் இல்லாவிட்டால் பெரும்பாலோர் ரிட்டர்னே தாக்கல் செய்ய மாட்டார்கள். பணம் கிடைக்கும் இடத்திலேயே பிடிப்பதுதான் இந்தியா போன்ற நாட்டில் நடைமுறைக்கு ஒத்துவரும் என்பார்கள். ரிட்டர்ன் தாக்கல் செய்கிறவர்கள் குறைவாக இருந்த காலத்தில் அது நியாயமான வாதம். ஆனால் டிடிஎஸ்ஸுக்குள் இரண்டு வேலைகள் கலந்திருக்கின்றன: பணத்தைப் பிடிப்பது ஒன்று, இன்னாருக்கு இவ்வளவு கொடுக்கப்பட்டது என்ற தகவலைப் பதிவது இன்னொன்று. இரண்டாவதைச் செய்ய 10 சதவீதம் பிடிக்க வேண்டியதில்லை. 2021 நவம்பரில் வந்த ஏஐஎஸ் என்னும் ஆண்டுத் தகவல் அறிக்கையில் வட்டி, பங்கு விற்பனை, தொழில் கட்டணம் எல்லாம் பான் எண்ணின் கீழ் வரிசையாக வந்து நிற்கின்றன. இணைய வணிகத் தளங்கள் விற்பனையாளரிடம் பிடிக்கும் டிடிஎஸ்ஸை அரசே 2024 அக்டோபர் 1 முதல் 1 சதவீதத்திலிருந்து 0.1 சதவீதமாகக் குறைத்தது. தடம் பதிவானால் போதும் என்று அந்த இடத்தில் ஒப்புக்கொண்டாகிவிட்டது. 194ஜேக்குள்ளேயே தொழில்நுட்பச் சேவைக் கட்டணத்துக்கு 2020 ஏப்ரல் முதல் 2 சதவீதம்தான். அமெரிக்காவில் சுதந்திர ஒப்பந்தக்காரருக்குப் பணம் தரும் நிறுவனம் பொதுவாக வரி பிடிப்பதில்லை. கொடுத்த தொகையை வருவாய்த்துறைக்குத் தெரிவிக்கிறது, அவர் காலாண்டுதோறும் தானே மதிப்பிட்டுக் கட்டுகிறார். பிரிட்டனில் கட்டுமானத் துறை போன்ற சில இடங்கள் தவிரப் பிடித்தம் இல்லை. சிறு தொழில் வசூலில் ஆண்டுக்கு 1,000 பவுண்டு வரை 2017 முதல் வரிக்கணக்கிலேயே வராது. தனிநபர்களுக்குத் தரும் தொழில் கட்டணத்தில் ஆண்டுக்கு ஒரு வரம்பு வரை 2 சதவீதம் மட்டும் பிடித்தால் தகவல் ஒன்றும் தொலைந்துபோகாது. மேலே சொன்ன ஆர்க்கிடெக்டுக்கு 90,000க்குப் பதில் 18,000 மட்டும் முடங்கும்.

பிடித்தத்தைவிட ஆழமான சிக்கல் தொழில் பட்டியலில் இருக்கிறது. 44ஏடிஏ எல்லாத் தொழில்களுக்கும் பொருந்தாது. 44ஏஏ பிரிவில் எழுதப்பட்ட தொழில்களுக்கு மட்டும்தான்: சட்டம், மருத்துவம், பொறியியல், கட்டடக்கலை, கணக்கியல், தொழில்நுட்ப ஆலோசனை, உள்ளலங்காரம். இவற்றோடு நேரடி வரிகள் வாரியம் அவ்வப்போது அறிவிக்கையில் சேர்த்தவையும் உண்டு: 1977இல் திரைக்கலைஞர்கள், பின்னர் கம்பெனி செக்ரட்டரிகள், 2001இல் தகவல் தொழில்நுட்பம். திரைக்கலைஞர் என்பதற்கான விளக்கத்தைக் கொஞ்சம் நின்று படிக்க வேண்டும். நடிகர், ஒளிப்பதிவாளர், இயக்குநர், இசையமைப்பாளர், கலை இயக்குநர், நடன இயக்குநர், படத்தொகுப்பாளர், பாடகர், பாடலாசிரியர், கதாசிரியர், திரைக்கதை எழுதுபவர், வசனகர்த்தா, ஆடை வடிவமைப்பாளர் என்று கோடம்பாக்கமே அதில் இருக்கிறது. ஆக, சினிமாவுக்கு வசனம் எழுதினால் பாதி வசூலை வருமானமாகக் காட்டலாம். அதே ஆள் பதிப்பகத்துக்கு நாவல் மொழிபெயர்த்தால் அந்தக் கட்டணத்துக்குப் பட்டியலில் இடம் இல்லை. படத்துக்கு உடை வடிவமைத்தால் உண்டு, கல்யாண உடை வடிவமைத்தால் இல்லை. சினிமா எடிட்டருக்கு ஐயமில்லை. நிறுவனங்களின் யூடியூப் சேனலுக்கு எடிட் செய்கிறவர் திரைக்கலைஞரா இல்லையா என்று வாதாட வேண்டியிருக்கும். கோடம்பாக்கத்துக்குக் கிடைத்தது தப்பு என்று நான் சொல்லவில்லை. 1977இல் கண்ணுக்குத் தெரிந்த படைப்புத் தொழில் சினிமா; அதைச் சேர்த்தார்கள். இன்று கண்ணுக்குத் தெரியும் தொழில்களைச் சேர்க்காமல் இருப்பதுதான் தப்பு.

பட்டியலில் இல்லாதவர் என்ன செய்வது? இங்கே ஆடிட்டருக்கு ஆடிட்டர் பதில் மாறுகிறது. ஒருவர் 44ஏடி பிரிவின் கீழ் வியாபாரமாகக் காட்டச் சொல்வார். வங்கி வழி வந்த வசூலில் 6 சதவீதம்தான் குறைந்தபட்ச லாபம். இன்னொருவர் இதெல்லாம் தொழில்நுட்ப ஆலோசனைக்குள் அடங்கும் என்று 44ஏடிஏவில் போடுவார். மூன்றாமவர் எதற்கு வம்பு என்று முழுக் கணக்கோடு ஐடிஆர் 3 தாக்கல் செய்வார். ஒரே வேலைக்கு வருமானம் 6 சதவீதம், 50 சதவீதம், உண்மை லாபம் என்று மூன்று விடைகள் வரும் சட்டத்தில் நேர்மையாக நடக்க நினைப்பவர்தான் அதிகம் அஞ்ச வேண்டியிருக்கிறது. அவருடைய வரி விவரத்தில் 194ஜே என்று டிடிஎஸ் பதிவாகியிருக்க, ரிட்டர்னில் வியாபாரம் என்று காட்டினால் இரண்டும் பொருந்தவில்லை என்று நோட்டீஸ் வர வாய்ப்பு உண்டு.

நியாயமாகப் பார்த்தால் 194ஜேயின் 10 சதவீதமும் இதே பட்டியலை ஒட்டித்தான் நிற்கிறது. அங்கே விளம்பரத் துறை கூடுதலாக உண்டு. 2008இல் ஓர் அறிவிக்கை மூலம் விளையாட்டு வீரர்கள், நடுவர்கள், பயிற்சியாளர்கள், வர்ணனையாளர்கள், விளையாட்டுப் பத்தி எழுதுபவர்கள்கூட அந்தப் பிரிவின் தேவைக்காகச் சேர்க்கப்பட்டார்கள். அந்தச் சேர்க்கை பிடித்தத்துக்கு மட்டும்தான். 44ஏஏ பட்டியலுக்கு அது நீளவில்லை. கிரிக்கெட் பயிற்சியாளரின் கட்டணத்தில் 10 சதவீதம் பிடிக்கும்போது அவர் தொழில்முறையாளர். பாதி வருமானச் சலுகை என்று வரும்போது அவர் பட்டியலில் இல்லை. மொழிபெயர்ப்பாளருக்கு இதைவிட மோசம். இரண்டு பட்டியலிலும் அவர் பெயர் கிடையாது. ஆனாலும் நிறுவனத்தின் கணக்குப் பிரிவு அவர் பில்லில் 10 சதவீதம் பிடிக்கும். குறைத்துப் பிடித்தால் அந்த நிறுவனம் வரி பாக்கிதாரராகக் கருதப்பட்டு வட்டியோடு கட்ட நேரும். கூடுதலாகப் பிடித்தால் அதற்கு ஒரு நஷ்டமும் இல்லை. ஐயம் வரும் இடத்திலெல்லாம் அதிகமாகப் பிடி என்பதையே சட்டம் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது.

அலுவலக வேலையோடு பக்கத்தொழிலும் செய்பவர் விஷயத்தில் இந்தப் பட்டியல் எவ்வளவு பணத்தைப் புரட்டுகிறது என்பதை ஒரு கணக்கே சொல்லிவிடும். நிலைக்கழிவு போகச் சம்பள வருமானம் 11 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். அது 12 லட்சத்துக்குள் இருப்பதால் வரி இல்லை. அவர் மாலை நேரத்தில் தகவல் தொழில்நுட்பப் பணி செய்து ஆண்டுக்கு 2 லட்சம் சம்பாதிக்கிறார். 44ஏடிஏ கணக்கில் அதில் ஒரு லட்சம் வருமானம், மொத்தம் சரியாக 12 லட்சம், வரி சுழி. பக்கத்து மேசைக்காரர் அதே சம்பளத்தில் மாலை நேரத்தில் மொழிபெயர்த்து அதே 2 லட்சம் சம்பாதிக்கிறார். அவர் 44ஏடி, 44ஏடிஏ என்ற அனுமானக் கணக்கு எதிலும் சேராமல் உண்மை லாபத்தைக் காட்டுகிறார். காட்டும்படியான செலவும் பெரிதாக இல்லை. மொத்த வருமானம் 13 லட்சமாகி, தள்ளுபடி முழுவதும் போய், செஸ்ஸோடு 78,000 ரூபாய் வரி வருகிறது. பக்கத்தொழிலில் வந்த இரண்டு லட்சத்தில் 39 சதவீதம் அது. அவர் ஏய்க்கவும் இல்லை, அந்த இன்னொருவர் அதிகம் உழைக்கவும் இல்லை. டிடிஎஸ்ஸாக 20,000 போயிருந்தால் மீதி 58,000 ரூபாயை அட்வான்ஸ் டாக்ஸாகக் கட்ட வேண்டும் என்பதுகூட அவருக்குப் பெரும்பாலும் தெரிந்திருக்காது. சம்பளத்துக்குத்தான் வரியே இல்லையே என்ற நினைப்பிலேயே இருப்பார். இப்படிப் பக்கத்தொழிலும் செய்பவர்கள் ரிட்டர்னுக்கு ஐடிஆர் 1, 2 படிவங்களைப் பயன்படுத்த முடியாது. சம்பளம் மட்டும் வாங்குகிறவர் பழைய முறையா புதிய முறையா என்று ஆண்டுதோறும் மாற்றிக்கொள்ளலாம். தொழில் வருமானமும் உள்ளவர் பழைய முறைக்குப் போனால் புதிய முறைக்கு ஒரே ஒருமுறைதான் திரும்ப முடியும். ஐந்தாயிரம் ரூபாய்ப் பக்க வருமானம் இருந்தாலும் இந்த விதிதான்.

மறுபக்கம் ஒரு நியாயமான கேள்வி இருக்கிறது. மடிக்கணினியும் இணைய இணைப்பும் மட்டும் வைத்துக்கொண்டு வேலை செய்கிறவருக்கு வசூலில் பாதி செலவாகிறது என்று எடுத்துக்கொள்வதே சம்பளக்காரருக்கு அநீதி. பட்டியலை விரித்தால் அநீதியும் விரியாதா? இந்தக் கேள்வியில் உண்மை உண்டு. மென்பொருள் எழுதுகிறவரின் செலவு பல நேரங்களில் வசூலில் கால் பங்கைக்கூடத் தொடாது. சம்பளக்காரரின் பின்னால் வைப்பு நிதி, பணிக்கொடை, மருத்துவக் காப்பீடு, சம்பளத்தோடு விடுப்பு எல்லாம் இருக்கின்றன, ஃப்ரீலான்சருக்கு அவை இல்லை என்று பதில் சொல்வார்கள். அது ஓரளவுக்குத்தான் நிற்கும். 2,92,500க்கும் சுழிக்கும் உள்ள தூரத்தை அது நியாயப்படுத்தாது. என் வாதம் 50 சதவீதம் புனிதமானது என்பதல்ல. எல்லாச் சேவைத் தொழிலுக்கும் ஒரே விகிதம் வேண்டும், அது 60ஆகவோ 65ஆகவோ இருந்தாலும் சரி. வக்கீலுக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் ஒரே அளவுகோல் இருந்தால், அதை உயர்த்துவதா தாழ்த்துவதா என்று பிறகு நாடு பேசிக்கொள்ளலாம்.

வருமான வரியோடு ஃப்ரீலான்சர் கவனிக்க வேண்டிய இன்னொன்று ஜிஎஸ்டி. சேவைகளுக்குத் தமிழ்நாட்டில் பதிவு வரம்பு ஆண்டுக்கு 20 லட்சம். பொருள் விற்பவருக்கு அது 2019இல் 40 லட்சமாக உயர்ந்தது. சேவைக்கு 2017இல் வைத்த இடத்திலேயே நிற்கிறது. பான் எண்ணின் கீழ் வரும் எல்லா வழங்கலும் இந்தக் கணக்கில் சேரும். ஏற்றுமதியும், வரி விலக்குள்ள வீட்டு வாடகையும்கூட. நிறுவனங்களுக்கு வேலை செய்பவருக்கு இந்த வரம்பைத் தாண்டுவது பெரிய பாதிப்பு அல்ல; அவர் போடும் 18 சதவீதத்தை வாடிக்கையாளர் உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்வார். அடிபடுவது பொதுமக்களிடம் வேலை செய்கிறவர். ஆண்டுக்கு 21 லட்சம் வசூலிக்கும் கல்யாணப் புகைப்படக்காரர் விலையை ஏற்ற முடியாவிட்டால், அந்த வசூலுக்குள்ளிருந்தே சுமார் 3.2 லட்சத்தை ஜிஎஸ்டியாக எடுத்து வைக்க வேண்டும். கேமரா வாங்கிய வரியைக் கழித்தாலும் மீதி பெரிதுதான். மாநிலத்துக்குள் மட்டும் வேலை செய்பவர், 50 லட்சத்துக்குள் இருந்தால், நிதியாண்டின் தொடக்கத்திலேயே காம்போசிஷன் திட்டத்தைத் தேர்ந்தெடுத்து 6 சதவீதம் கட்டலாம், இவருக்கு 1.26 லட்சம். இந்த வழியைப் பலர் யோசிப்பதே இல்லை. உள்ளாட்சி அமைப்புகள் அரையாண்டுக்கு ஒருமுறை வாங்கும் தொழில் வரியும் உண்டு. அரசியல் சட்டப்படி அது ஆண்டுக்கு 2,500 ரூபாயைத் தாண்டக் கூடாது என்பதால் இங்கே அதை நீட்டவில்லை.

வெளிநாட்டு வாடிக்கையாளர்களிடமிருந்து சம்பாதிப்பவர்களின் சிக்கல் தலைகீழானது. அவர்களுக்கு டிடிஎஸ் பிடிப்பவர் பொதுவாக இல்லை. அதனாலேயே வரி முழுவதையும் தாங்களே நினைவு வைத்துக் கட்ட வேண்டும். தளங்கள் தங்கள் கமிஷனைக் கழித்துக்கொண்டுதான் பணம் அனுப்புகின்றன. வங்கிக்கு வந்த தொகையையே வசூல் என்று எழுதிவிடுவது பரவலான பிழை. கமிஷன் கழிப்பதற்கு முந்தைய தொகைதான் வசூல். சேவை ஏற்றுமதிக்கு ஜிஎஸ்டி சுழி வீதம். ஆனால் பதிவு செய்தவர் ஆண்டுதோறும் எல்யுடி என்ற உறுதிப் பத்திரம் தாக்கல் செய்யாவிட்டால் வரியைக் கட்டிவிட்டுத் திரும்பக் கேட்க வேண்டும். இலங்கையில் 2025 ஏப்ரல் 1 முதல், அதுவரை விலக்கு பெற்றிருந்த சேவை ஏற்றுமதி வருமானம் அதிகபட்சம் 15 சதவீத வரிக்குள் வந்தது. ஆண்டுக்கு 18 லட்சம் இலங்கை ரூபாய் வரை தனிநபர் விலக்கு. யாழ்ப்பாணத்திலிருந்து வெளிநாட்டு நிறுவனத்துக்கு வேலை செய்பவரும் கோயம்புத்தூரிலிருந்து செய்பவரும் இன்று ஒரே நிலையில் இருக்கிறார்கள்: பிடித்துக் கட்ட ஆள் இல்லை, கணக்கு தன்னுடையது.

ஆடிட்டரிடம் கொடுத்துவிட்டால் தீர்ந்தது என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஜூலையில் ஆடிட்டர் பார்ப்பது நீங்கள் ஆண்டு முழுவதும் சேர்த்து வைத்ததைத்தான். தொழிலுக்குத் தனி வங்கிக் கணக்கு, எண்ணிட்ட இன்வாய்ஸ், அதில் எந்த வேலைக்கு என்று ஒரு வரி விளக்கம். இவை இல்லையென்றால் அவரால் ஊகிக்கத்தான் முடியும். டிடிஎஸ் விவரம் தெரியும் படிவம் 26ஏஎஸ்ஸைக் காலாண்டுக்கு ஒருமுறை பார்ப்பது அவசியம். நிறுவனங்கள் ஜனவரி முதல் மார்ச் வரையிலான பிடித்தத்தை மே 31க்குள்தான் கணக்குக் கொடுக்கும். ஏப்ரலிலேயே அவசரமாக ரிட்டர்ன் தாக்கல் செய்தால் கடைசிக் காலாண்டுப் பிடித்தம் விட்டுப்போகும். இன்னொரு சிக்கலும் அடிக்கடி வரும். மார்ச் 28 தேதியிட்ட பில்லை நிறுவனம் மார்ச் 31இல் செலவாக எழுதி டிடிஎஸ்ஸும் கட்டிவிடும். பணம் உங்களுக்கு மே மாதம் வரும். கைக்கு வந்த பணத்தை வைத்துக் கணக்கு எழுதுகிறவருக்கு வருமானம் அடுத்த ஆண்டு, பிடித்தம் இந்த ஆண்டு. இந்த ஆண்டிலேயே பிடித்தத்தைக் கோரினால் வருமானத்தை மறைத்ததாகக் கணினிக்குத் தெரியும். ரிட்டர்ன் படிவத்தின் டிடிஎஸ் அட்டவணையில் அந்தத் தொகையை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுசெல்ல இடம் இருக்கிறது. அதைப் பயன்படுத்த வேண்டும். பிடித்துவிட்டு அரசுக்குக் கட்டாமல் விட்ட நிறுவனத்தின் பாக்கியை 205ஆம் பிரிவின்படி உங்களிடம் கேட்க முடியாது. ஆனால் பிடித்தார்கள் என்பதை நிரூபிக்க இன்வாய்ஸும் வங்கி அறிக்கையும் உங்களிடம் இருக்க வேண்டும். டிடிஎஸ் போக மீதி வரி 10,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் வந்தால் அட்வான்ஸ் டாக்ஸ் உண்டு. 44ஏடி, 44ஏடிஏ கணக்கில் இருப்பவருக்கு மார்ச் 15 என்ற ஒரே தவணை. மற்றவர்களுக்கு ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் என நான்கு.

12 லட்சத்துக்குள் வரியே இல்லை, எதற்கு ரிட்டர்ன் என்பவர்களும் இருக்கிறார்கள். 12 லட்சம் என்பது தள்ளுபடியின் வரம்பு. ரிட்டர்ன் கடமை 4 லட்சத்தைத் தாண்டினாலே வந்துவிடும். அதற்குக் கீழே இருந்தாலும், தொழில் வசூல் 10 லட்சத்தைத் தாண்டினாலோ, டிடிஎஸ் 25,000 ரூபாயைத் தொட்டாலோ தாக்கல் செய்வது கட்டாயம். பிடித்த பணத்தைத் திரும்பப் பெறவும் வேறு வழி கிடையாது. வீட்டுக் கடனுக்குப் போகும் நாளில் சம்பளச் சீட்டு இல்லாதவருக்கு வங்கி கேட்கும் முதல் காகிதம் ரிட்டர்ன்தான்.

2026 ஏப்ரல் 1 முதல் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் வந்திருக்கிறது. அனுமான வருமானப் பிரிவுகள் 58 என்ற ஒரே பிரிவுக்குள் வந்துவிட்டன; டிடிஎஸ் விதிகள் அட்டவணைகளாகிவிட்டன; மதிப்பீட்டு ஆண்டு என்ற குழப்பம் தரும் சொல் போய் வரி ஆண்டு என்றாகியிருக்கிறது. படிக்க எளிதாகியிருப்பது உண்மை. கொள்கையில் பெரிய மாற்றம் இல்லை என்று அரசே சொல்லித்தான் இதைக் கொண்டுவந்தது. பட்டியலைத் திருத்த நாடாளுமன்றத்தில் புதிய மசோதாவும் வேண்டாம். திரைக்கலைஞர்களையும் தகவல் தொழில்நுட்பத்தையும் சேர்த்தது நேரடி வரிகள் வாரியத்தின் அரசிதழ் அறிவிக்கைதான். மொழிபெயர்ப்பாளர்கள், எழுத்தாளர்கள், வடிவமைப்பாளர்கள், புகைப்படக்காரர்கள், பயிற்சியாளர்கள் எல்லோரும் தத்தம் சங்கங்களின் வழியே ஒவ்வொரு பட்ஜெட்டுக்கு முன்பும் நிதி அமைச்சகத்துக்கு இந்தக் கோரிக்கையை எழுத்தில் அனுப்ப வேண்டும். சங்கம் இல்லாத தொழில்களுக்குச் சங்கம் வேண்டும்.